நிலைப்படியில் இடிக்கிற பையனும் நாலு வருஷக் கணக்கும்

எங்க வீட்டு நிலைப்படி தாத்தா காலத்தது. அஞ்சே முக்கால் அடி உயரம் இருக்கும். அக்கா மகன் குனிஞ்சாத்தான் உள்ளே வர முடியும். போன வாரம் நைட் ஷிப்ட் முடிச்சு, கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி, தூக்கக் கலக்கத்தில் நேரா நடந்து வந்தவன் நெத்தியை இடிச்சுக்கிட்டான். "இருபது வயசு ஆகுது, இன்னும் குனிய வரல" என்று அம்மா மஞ்சளைக் குழைச்சுப் பத்துப் போட்டுக்கிட்டே திட்டினாங்க.

ஆறடி ரெண்டங்குலம் இருக்கிறான். கையை நீட்டினால் அதுக்கும் மேலே. ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டர் மூலமா வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 14,000 சொச்சம். அந்த உயரத்துக்கு அங்கே ஒரே ஒரு உபயோகம்தான்: மேல் அடுக்கில் இருக்கிற பெட்டியை ஸ்டூல் போடாமல் எடுப்பான். இதை அவனே சிரிச்சுக்கிட்டுச் சொன்னது.

அன்றைக்கு ராத்திரி பெங்களூரில் இருக்கும் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த வாரம் அது. எல்லாரும் வினேஷ் போகாட்டின் நூறு கிராமைப் பற்றியும் நீரஜ் சோப்ராவின் வெள்ளியைப் பற்றியும் பேசிக்கிட்டிருந்தார்கள். துடுப்புப் படகில் இந்தியாவிலிருந்து போன ஒரே ஆள், ஹரியானா கர்னால் பக்கத்துப் பையன் பல்ராஜ் பன்வார், 23-ஆவதாக வந்தார். அவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நண்பர் அனுப்பியது அவர் படமும் இல்லை. எட்டு வருஷம் முன்னாடி ரியோவுக்குப் போன தத்து போகனல் படம். கீழே, குடிக்கத் தண்ணி இல்லாத ஊரில் பிறந்து தண்ணீரில் சாதித்தவர், வறுமை வளர்த்த வீரர் என்கிற மாதிரி நாலு வரி. "உங்க ஊர்ப் பசங்களுக்குக் காட்டுங்க" என்று நண்பர் தனியாக வேற எழுதியிருந்தார்.

கட்டை விரலைத் தூக்கி ஒரு பொம்மை போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரலை. நண்பர் நல்ல மனுஷன்தான், அவர் மேல் கோபம் இல்லை. ஆனா அந்த "வறுமை வளர்த்த" என்கிற சொல் செருப்புக்குள்ளே போன நெருஞ்சி முள் மாதிரி குத்திக்கிட்டே இருந்தது.

தத்துவின் கதை எனக்கு முன்னமே தெரியும். விவசாயி வீட்டுப் பையன் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே தேடிப் படிப்பேன். நாசிக் மாவட்டம் சாந்த்வட் தாலுகாவில் தலேகாவ் ரோஹி என்று ஒரு கிராமம். வெங்காய பூமி. பக்கத்து லாசல்காவ் மண்டியில் வெங்காயம் என்ன விலைக்குப் போகுதுன்னு பார்த்துட்டுத்தான் நம்ம ஊர் வியாபாரியும் வாயைத் திறப்பான், அந்த அளவுக்குப் பேர் போன இடம். அவங்க அப்பா கிணறு வெட்டுகிறவர். பையன் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அப்பாவோடு கிணறு வெட்டப் போனான், தோட்ட வேலைக்குப் போனான், பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தான். 2011-ல் அப்பா இறந்துவிட்டார். மறு வருஷம் ராணுவத்தில் சேர்ந்தான். பாம்பே சாப்பர்ஸ் என்று சொல்லும் பொறியாளர் படை, புனே பக்கம் கிர்கியில் இருக்கிறது. அங்கேதான் குத்ரத் அலி என்கிற ராணுவப் பயிற்சியாளர் இவன் உயரத்தைப் பார்த்து, துடுப்பைக் கையில் கொடுத்தார். அப்போ வயசு 21. அதுவரைக்கும் தண்ணி என்றாலே பயம்.

கிணறு வெட்டுகிறவன் மகனுக்குத் தண்ணி பயமா என்று கேட்காதீங்க. வெட்டுகிறவன் கண்ணுக்குத் தெரிவது கல்லும் மண்ணும்தான். ஊத்து கண்டதும் அவன் வேலை முடிஞ்சுது, தண்ணி நிலத்துக்காரனுக்கு. எங்க நிலத்தில் நான் சின்னப் பையனா இருந்தப்போ கிணறு வெட்டினாங்க. ராட்டினம் போட்டு, கல் நிரம்பின கூடையை நாலு பேர் கயிற்றைப் பிடிச்சு இழுத்தது இன்னும் கண்ணில் நிற்குது. கையால் இழுக்கிற மாதிரிதான் தெரியும். நிஜத்தில் காலை மண்ணில் ஊன்றி, தொடையால் தள்ளி, முதுகை நேராக வெச்சுக்கிட்டு, கை கடைசியில்தான் மடங்கும். இப்போ அந்தத் தொழிலே போயிடுச்சு. லாரியில் ரிக் வருது, ஆயிரத்து இருநூறு அடி இறங்குது, புகைதான் வருது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், துடுப்புப் படகுப் போட்டியும் அதே வேலைதான். பார்க்கிறவர்கள் கை விளையாட்டு என்று நினைப்பார்கள். படகுக்குள்ளே உட்காரும் பலகை முன்னும் பின்னும் உருளும். பாதத்தைக் கட்டிப்போட்டிருக்கும். முழங்காலை மடக்கி முன்னால் வந்து, துடுப்பைத் தண்ணியில் இறக்கி, காலால் உதைக்கணும். பெரும்பகுதி பலம் தொடையில் இருந்து வருது. அப்புறம் முதுகு, கடைசியில் கை. போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரணும், ஜெயிக்கிற கோடு கண்ணுக்கே தெரியாது. ஒற்றையர் படகு கிட்டத்தட்ட எட்டு மீட்டர் நீளம், எடை 14 கிலோதான். நம்ம தக்காளி கிரேட் ஒன்று அதைவிடக் கனம். அகலமோ ஆள் இடுப்பு அளவுக்குத்தான். ஒரு பக்கம் துடுப்பு சரியாக இறங்கலைன்னா கவிழ்ந்துடும். தூரம் 2,000 மீட்டர். ஏழு நிமிஷத்துக்குள்ளே இருநூறு தடவைக்கு மேல் அப்படி உதைச்சு இழுக்கணும். கையும் காலும் நீளமானவனுக்கு ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் கூடுதல் தூரம் கிடைக்கும். குத்ரத் அலி உயரத்தைப் பார்த்தது அதுக்காகத்தான்.

ஆனா உயரத்தைப் பார்த்த கண்ணோடு கதை முடியலை. அதற்கப்புறம் தினம் ரெண்டு வேளை பயிற்சி. அதுக்கேத்த சாப்பாடு, முட்டை, பால், கறி. தூக்கம். முதுகு பிடிச்சுக்கிட்டால் வைத்தியம். மாசம் பிறந்தால் சம்பளம், ஊரில் தம்பிமாருக்கு அனுப்ப முடிந்த சம்பளம். இது அத்தனையும் ராணுவம் கொடுத்தது. வறுமை கொடுக்கலை. வறுமை கொடுத்தது அப்பாவின் சாவையும் பெட்ரோல் பங்க் வேலையையும்தான். சாந்த்வட் வறட்சியில் வளர்ந்த பையன்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், அவர்களில் ஆறடிக்காரர்களும் இருப்பார்கள். அவர்களையும் அதே வறுமைதான் வளர்த்தது. அவர்கள் படம் எந்த வாட்ஸ்அப்பிலும் வரப்போவதில்லை.

கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இந்த விளையாட்டில் எல்லார் கதையும் ஒன்றுதான். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் நமக்குத் துடுப்புப் படகில் முதல் தங்கம் வாங்கித் தந்த பஜ்ரங் லால் தாக்கர் ராஜஸ்தான் சீக்கர் மாவட்டம், பாலைவனத்தின் விளிம்பு. ராஜ்புதானா ரைபிள்ஸ் சிப்பாய். தத்துவோடு 2018-ல் தங்கம் வாங்கின சவரன் சிங், சுக்மீத் சிங் ரெண்டு பேரும் பஞ்சாப் மான்சா மாவட்டத்து விவசாயக் குடும்பம், ரெண்டு பேரும் ராணுவம். பல்ராஜ் பன்வாரும் ராணுவம். நம்ம மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் அடையாற்றங்கரையில் ஆரம்பித்தது, நூத்தைம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா ஆற்றங்கரையில் கிளப் இருப்பது வேற, மாசச் சம்பளத்தோடு ஒருத்தனை நாலு வருஷம், ஆறு வருஷம் படகிலேயே உட்கார வைப்பது வேற.

சரி, அந்த வருஷக் கணக்குக்கு வருகிறேன். என்னைத் தூங்க விடாதது அதுதான்.

தத்து 2012-ல் சேர்ந்தார். 2015-ல் ஆசியப் போட்டியில் வெள்ளி. 2016 ஏப்ரலில் தென் கொரியா சுங்ஜுவில் நடந்த தகுதிப் போட்டியில் இரண்டாவது வந்து ரியோவுக்கு இடம் பிடித்தார். அந்தக் கோடையில்தான் மராட்டிய மாநிலமே வறண்டு, லாத்தூருக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். அவங்க அம்மா விபத்தில் தலையில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். மகன் எந்த ஊருக்கு எதற்காகப் போகிறான் என்று அவருக்குத் தெளிவாகப் புரியும் நிலையில்லை. ஆகஸ்டில் ரியோவில் 6 நிமிடம் 54.96 விநாடி, மொத்தத்தில் 13-ஆவது இடம். நாலு வருஷத்துக்கு முன்னாடி துடுப்பையே தொடாத ஒருத்தன் உலகத்தில் 13-ஆவது!

அதே போட்டியில் தங்கம் வாங்கினவர் நியூசிலாந்தின் மாஹே டிரைஸ்டேல். குரோஷியாக்காரர் டாமிர் மார்ட்டினும் அவரும் ஒரே நேரம், 6 நிமிடம் 41.34. புகைப்படம் பார்த்துத்தான் யார் முதலில் என்று சொன்னார்கள். தத்துவுக்கும் அவருக்கும் பதிமூன்று விநாடி சொச்சம் வித்தியாசம். வேற வேற பந்தயம், காற்று வேற, அப்படியே ஒப்பிடக் கூடாது. நான் பார்த்தது வயசை. டிரைஸ்டேலுக்கு அப்போ 37. 2004 ஏதென்ஸ் அவருக்கு முதல் ஒலிம்பிக், பதக்கம் இல்லை. 2005-ல் முதல் உலகப் பட்டம். 2008-ல் வெண்கலம், 2012-ல் தங்கம், 2016-ல் மறுபடி தங்கம். அந்தப் பதிமூன்று விநாடிக்குப் பின்னாடி பதினஞ்சு வருஷம் இருக்கு.

கிருஷ்ணகிரிக்காரனுக்கு இதைப் புரிய வைக்க மாமரம் போதும். ஒட்டுக் கன்று வைத்தால் ரெண்டாவது மூணாவது வருஷமே பூ விடும். விவரம் தெரிந்தவன் அந்தப் பூவைக் கிள்ளிப் போடுவான். நாலு அஞ்சு வருஷத்தில் நாலு காய் பார்க்கலாம். மண்டிக்கு டெம்போ ஏற்றுகிற அளவுக்குக் காய்க்க எட்டு பத்து வருஷம் ஆகும். நாலாவது வருஷம் வந்து நின்னு "எத்தனை டன்?" என்று கேட்டு, காய் இல்லைன்னு மரத்தை வெட்டுகிறவனை எங்க ஊரில் விவசாயி என்று சொல்ல மாட்டோம்.

அக்கா மகனும் அவன் சிநேகிதர்களும் இப்போ பேசிக்கிட்டிருப்பது அக்னிபத் பற்றி. 2022-ல் கொண்டுவந்த திட்டம், உங்களுக்குத் தெரிந்ததுதான். அறிவித்தப்போ பதினேழரை வயசிலிருந்து 21 வயசு வரை என்றார்கள். நாலு வருஷ வேலை. முதல் வருஷம் மாசம் 30,000, அதில் கைக்கு 21,000. முடிச்சு வெளியே வரும்போது பதினொன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவா ஒரு தொகை. நூத்துக்கு இருபத்தஞ்சு பேர் வரைக்கும் நிரந்தரம், மத்தவங்க வீட்டுக்கு. கம்பெனிச் சம்பளத்தைவிட நல்லது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். தேசப் பாதுகாப்புக்கு இது சரியா தப்பா என்று பேச எனக்குத் தகுதி இல்லை. எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான். 2012-ல் தத்து இந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் 2016-ல் ரியோவோடு அவருக்கு நாலு வருஷம் முடிஞ்சிருக்கும். தங்கம் வந்தது 2018-ல், ஆறாவது வருஷம்.

"ஒலிம்பிக் போனவனை விட்டுடுவாங்களா மாமா?" என்று அக்கா மகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒலிம்பிக் போனவனை விட மாட்டார்கள்தான். ஆனா மூணாவது வருஷம் தேசியப் போட்டியில் ஆறாவதாக வந்தவனை? முதுகு வலியில் ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்தவனை? பூ கிள்ளின வருஷத்து மரத்தை? மெதுவாக ஊறுகிற கிணறும் நல்ல கிணறுதான், அதைக் காத்திருந்து பார்க்கிறவன் வேணும். தவிர, நாலு வருஷம் கழித்து வேலை இருக்குமா இருக்காதா என்று தலைக்குள்ளே ஓடிக்கிட்டிருப்பவன் கால் எப்படி முழுசா உதைக்கும்? கம்பெனியில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம் வந்தால் இந்தப் பையன்கள் சாப்பிடுகிற சோறே குறைந்துபோவதை நான் வீட்டிலேயே பார்க்கிறேன்.

2018 கதையையும் சொல்லிடறேன், வாட்ஸ்அப் படத்தில் அது வராது. இந்தோனேசியாவின் பாலெம்பாங்கில் ஆசிய விளையாட்டு. ஆகஸ்ட் 23 அன்றைக்கு ஒற்றையர் இறுதிப் போட்டியில் தத்து கடைசி, ஆறாவது. பாதியில் துடுப்பைப் போடவில்லை. காய்ச்சல் என்றார். மறுநாள் காலை அதே மனுஷன் சவரன் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங்கோடு நால்வர் படகில் ஏறி 6 நிமிடம் 17.13 விநாடியில் தங்கம். நால்வரும் ராணுவத்தார். நாடே கைதட்டியது. ஏழு மாசம் கழித்து, 2019 மார்ச்சில், ஒற்றையரில் வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினார் என்று துடுப்புப் படகு சம்மேளனம் அவருக்கு ரெண்டு வருஷத் தடை போட்டது. 2020 ஜனவரியில் தடையை நீக்கினார்கள். அதே வருஷம் அர்ஜுனா விருதும் கொடுத்தார்கள். டோக்கியோவுக்கு அர்ஜுன் லாலும் அரவிந்த் சிங்கும் இரட்டையரில் போய் 11-ஆவது வந்தார்கள். தத்து போகவில்லை.

நாட்டுக்காகப் போட்டியிடுகிறவன் பாதியில் நிறுத்தினால் கேள்வி கேட்கத்தான் வேணும், அதை மறுக்கலை. படகு கரைக்கு வரும்வரை இழுக்கணும் என்பது அந்த விளையாட்டின் தர்மம். 2008 பீஜிங்கில் டிரைஸ்டேல் வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக இருந்து, அந்த நிலையிலும் இறுதி வரை இழுத்து வெண்கலம் வாங்கி, கரையில் விழுந்தார். தத்து அதைச் செய்யலை. ஆனாலும் மறுநாள் தங்கம் வாங்கினவனுக்கு ரெண்டு வருஷம் என்றால், இந்த விளையாட்டில் ரெண்டு வருஷம் எவ்வளவு என்று தெரிந்தவர்கள் போட்ட தண்டனை மாதிரி எனக்குத் தெரியலை. எங்க கணக்கில் அது ரெண்டு வருஷம் தண்ணி கட்டாத தோப்பு. பிறகு தண்ணியைத் திறந்துவிட்டால் உடனே காய்க்காது.

இப்போ நம்ம ஊருக்கு வருகிறேன். தத்து ஊருக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. எங்களுக்குத் தண்ணி இருக்கு. தென்பெண்ணை கர்நாடகத்திலிருந்து வந்து கெலவரப்பள்ளி அணையில் தேங்குது. மழைக் காலத்தில் மதகைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கிப் பாலத்துக்கு மேல் ஏறும். பெங்களூர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு இந்த ஆற்றில்தான் வந்து சேருது. நகரத்தில் இருந்து வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள், பனி மாதிரி இருக்காம். அந்தத் தண்ணியில்தான் கீழே கொத்தமல்லியும் கீரையும் விளைந்து அவர்கள் ஊருக்கே திரும்பப் போகுது. அதில் ஒரு பையனைப் படகில் உட்கார வைக்க எனக்கு மனசு வராது, கவிழ்ந்தால் வாயில் போவது என்ன என்று எனக்குத் தெரியும்.

இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் அல்சூர் ஏரி. அதன் கரையில்தான் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் மையம். அந்தப் படைக்காரர்களை ராணுவம் முழுக்கத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள், அத்தனை தமிழ்ப் பையன்கள். தத்து சேர்ந்த பாம்பே சாப்பர்ஸுக்கு இது அண்ணன் தம்பி முறை. கம்பெனி பஸ் போகிற அதே ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் வந்துவிடும்.

எங்க பகுதியில் ஆள் எடுக்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. ஐடிஐ வாசலில் கான்ட்ராக்டர் வேன் நிற்கும். ஆதார், பேங்க் பாஸ்புக், கண் பார்வை பார்ப்பார்கள். உயரத்தை அளந்து, நீ என்ன விளையாடுவ என்று கேட்டு ஒருத்தன் இதுவரை வந்ததில்லை. குத்ரத் அலி மாதிரி ஒரு ஆள் வருஷத்துக்கு ஒரு நாள் டேப்பை எடுத்துக்கிட்டு இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களைச் சுத்தினால் போதும், என்ன கிடைக்கும் என்று பார்க்கலாம். அப்படிக் கிடைத்தவனை எட்டு வருஷம் சோறு போட்டு வைத்திருக்க ஒரு இடமும் வேணும். இது ரெண்டும் இல்லாமல் தத்து படத்தை எங்க பசங்களுக்குக் காட்டச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதைப் பார்க்க வேண்டியவர்கள் வேற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இத்தனையும் சொன்னேனே, கடைசியில் அவனுக்கு நானே அந்தப் படத்தைக் காட்டினேன். ராத்திரி களி சாப்பிட்டுக்கிட்டிருந்தான். போனை வாங்கி, படத்தைப் பெரிசு பண்ணி, முகத்தைப் பார்க்காமல் தொடையையே பார்த்தான். "21 வயசுலயா மாமா ஆரம்பிச்சாரு?" என்றான். ஆமா என்றேன். அவனுக்கு மார்ச்சில் 21 முடியுது. அக்காவுக்கு அவனை ராணுவத்துக்கு அனுப்ப விருப்பம் இல்லை, இருக்கிற ஒரே மகன். வீட்டுக் கடன் வேற இருக்கு, 14,000 சொச்சத்தில் பாதி அதற்குத்தான் போகுது.

விண்ணப்பம் எப்போ போடணும், என்னென்ன சர்டிபிகேட் வேணும் என்று போனில் தேடிக்கிட்டிருந்தான். நடுவிலேயே கம்பெனி குரூப்பில் மெசேஜ் வந்தது, ஞாயித்துக்கிழமை ஓ.டி. இருக்காம். அன்றைக்குத் தக்காளிக்கு மருந்தடிக்க வரேன் என்று என்கிட்ட சொல்லியிருந்தான். என் முகத்தைப் பார்த்தான். "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றேன். காலையில் அஞ்சரைக்குக் கிளம்பும்போது நிலைப்படியில் ஞாபகமாகக் குனிஞ்சுதான் போனான்.